விழுந்தது கணக்கில் வராது

ஏனுங்க, அந்த மஞ்சக் கோட்டைத் தாண்டிப் போயிறாதீங்க. வாட்ச்மேன் விசில் ஊதிருவாரு. இங்க சைக்கிள் ஸ்டாண்டு ஓரமா சேர் போட்டிருக்காங்க பாருங்க, பெத்தவங்களுக்கு இதுதான் இடம். அந்தச் சேர் வேண்டாம், அது கால் ஆடும். இப்படி எம்பக்கத்துல உக்காருங்க.

புதுசா சேர்ந்திருக்கீங்களா? எந்தப் பாப்பா? ரோஸ் ஹெல்மெட்டு போட்டுட்டு, சுவரைப் பிடிச்சுட்டே போச்சே, அதுங்களா? நல்லா வருமுங்க. முதல் மாசம் எல்லாருமே சுவரைத்தான் பிடிப்பாங்க. எம்பொண்ணும் பிடிச்சா. பிரகதின்னு பேரு, கேள்விப்பட்டிருப்பீங்க. உள்ள போற வழியில ஒரு போட்டோ மாட்டியிருக்காங்களே, ஒத்தக் கால்ல நின்னு இன்னொரு காலைத் தலைக்கு மேல தூக்கிட்டு, நீலச் சட்டை. அவதான். அந்தச் சட்டையில கல்லு ஒட்டினது நானு. ஆயிரத்துச் சொச்சம் கல்லு.

இங்கிருந்து ஒண்ணும் தெரியாதுங்க. சுவரு மறைக்குது. ஸ்கேட்டிங் சக்கரச் சத்தம் மட்டும் கேக்கும். போன வருஷம் வரைக்கும் நாங்கெல்லாம் உள்ள படியில உக்காந்து ஜம்முனு பார்த்துட்டு இருந்தோம். இந்தக் கோடு எனக்காகப் போட்டதுங்க. நான் ஒருத்தி உள்ள வரக்கூடாதுன்னு கோடு போட்டு, முப்பது பிள்ளையைப் பெத்தவங்களும் வெளிய வெயில்ல உக்காந்திருக்கோம். கேட்டா பொது விதியாம்.

நீங்க என்னைப் பத்தி ஏதாச்சும் கேள்விப்பட்டீங்களா? இல்லையா? கேள்விப்படுவீங்க. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இன்னிக்கு எனக்கு வாய் சும்மா இருக்காதுங்க. ஆறு மணிக்கு ஒரு முடிவு தெரியணும். இப்ப மணி என்ன, அஞ்சே கால். வர்ற ஞாயித்துக்கிழமை மாநிலப் போட்டி. அதுக்குப் பேர் குடுக்கற ஃபார்ம் இன்னிக்கு ஆறு மணிக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தணும். முதல் மூணு இடத்துக்குள்ள வந்தாத்தான் நேஷனல்ஸ். பிரகதிக்கு இந்த வயசுப் பிரிவுல இது கடைசி வருஷம். அடுத்த வருஷம் பெரியவங்களோட ஆடணும். அவங்கெல்லாம் பத்து வருஷம் ஆடினவங்க, அதுல மெடலு எங்க கிடைக்கப் போகுது? நேஷனல்ஸ் மெடலு இருந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ்ல நல்ல சீட்டு கிடைக்கும். ஒன்பது வருஷமா காலையில நாலரைக்கு எந்திரிச்சது அதுக்குத்தானுங்க.

நான் கையெழுத்துப் போட்டாச்சு. ஃபார்மு பிரகதி பையில இருக்கு. அவளே தன் கையால கொண்டு போய் மிஸ் கையில குடுக்கணுமாம். நான் குடுத்தா வாங்க மாட்டாங்களாம். "மைனாவதி மேடம், நீங்க குடுக்காதீங்க, அவ குடுக்கட்டும்"ங்கறாங்க. பார்த்தீங்களா அநியாயத்தை? கையெழுத்து மட்டும் அம்மாது வேணும், அம்மா வேண்டாம்.

மிஸ்ஸுன்னா ஃபிலோமினா மிஸ். உங்க பாப்பாவைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்களே, ஒல்லியா, முழங்கால்ல பெல்ட்டு போட்டுட்டு. நல்லவங்கதானுங்க. நான் இல்லைன்னு சொல்லலை. தமிழ்நாட்டுக்காக ஆடினவங்க. இருபத்திரண்டு வயசுல முட்டி போயிருச்சு, அதோட நின்னுட்டாங்க. அதனால என்ன ஆச்சுன்னா, எந்தப் பிள்ளை காலைத் தடவினாலும் அவங்களுக்குத் தன்னோட முட்டிதான் ஞாபகத்துக்கு வருது. தனக்கு முடிஞ்சு போச்சுங்கறதுக்காக எம்பொண்ணுக்கும் முடிச்சு வைக்கலாமா?

உங்க பாப்பாவுக்கு என்ன ஆசை, வேகமா ஓட்டறதா, ஆர்ட்டிஸ்டிக்கா? தெரியாதா? அப்ப சொல்றேன். டிவியில பனிக்கட்டி மேல பாட்டுப் போட்டு ஆடுவாங்கல்ல, சுத்துவாங்க, எகிறிக் குதிச்சு அந்தரத்துல ரெண்டு சுத்து சுத்தி ஒத்தக் கால்ல வந்து நிப்பாங்க? அதேதான் ஆர்ட்டிஸ்டிக். நம்ம திருப்பூர்ல பனிக்கு எங்க போறது? சிமெண்டுத் தரை, காலுக்கு நாலு சக்கரம். குதிச்சு வந்து நிக்கறது எப்பவும் அதே வலது கால்தான். எம்பொண்ணு ஆறாவது படிக்கறப்பவே ஒரு சுத்து சுத்திட்டா. எட்டாவதுல ரெண்டு சுத்து. அந்த வயசுல ரெண்டு சுத்து இந்த ஜில்லாவுல யாரும் பண்ணலைங்க.

இந்தக் குதிக்கறதுக்கு மிஸ் ஒரு கணக்கு வெச்சிருந்தாங்க. ஒரு நாளைக்கு நாப்பதுதான் குதிக்கணும். அதுக்கு மேல ஒண்ணு கூடக் கூடாது, எலும்பு தாங்காதுன்னாங்க. சரி, அவங்க முப்பது பிள்ளையைப் பார்க்கணும், ஒவ்வொருத்தரையும் எண்ணிட்டு நிக்க முடியுமா? "மேடம், நீங்க தினம் வர்றீங்க, நீங்களே எண்ணிக்குங்க"ன்னு எங்கிட்ட ஒப்படைச்சாங்க. ஞாபகம் வெச்சுக்குங்க, எங்கிட்ட ஒப்படைச்சது அவங்கதான்.

நான் சும்மா எண்ணுவேனுங்களா? எனக்குத் தொழிலே அதுதானுங்க. பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசர். பதினாலு வருஷம். என் டேபிளைத் தாண்டிப் போன பெட்டியில ஒரு பீஸு குறைஞ்சுதுன்னு இது வரைக்கும் ஒரு வெளிநாட்டுக்காரன் சொன்னதில்லை. பழனியில நாமஜபம் பண்றவங்க விரல்ல மாட்டிக்கற கவுண்டரு விக்கறாங்கல்ல, பட்டனை அமுக்கினா நம்பர் ஏறுமே, அது ஒண்ணு வாங்கிட்டு வந்து விரல்ல மாட்டிட்டேன். படியில உக்காந்தா கண்ணு பிரகதி கால் மேல, கட்டைவிரலு பட்டன் மேல. பக்கத்துல யாரு வந்து பேசினாலும் திரும்ப மாட்டேன்.

செக்கிங்ல எப்படின்னா, ஓட்டை, கறை, தையல் பிசகு எல்லாம் ஒரு பக்கம் போயிரும். அது கணக்குல வராது. பாஸ் ஆன பீஸு மட்டும்தான் எண்ணிக்கை. இருநூறு பீஸ் வேணும்னா இருநூறு நல்ல பீஸ். அதுக்காக எத்தனையைத் தைச்சாங்க, எத்தனையைக் கழிச்சாங்க, அதெல்லாம் யாருக்கு வேணும்? இவளுக்கும் அப்படித்தானுங்க எண்ணினேன். குதிச்சு வந்து கால் ஊணி, கை விரிச்சு, நேரா நின்னா ஒண்ணு. விழுந்தாலோ, கை தரையில பட்டாலோ, சுத்து பாதியில நின்னாலோ கவுண்டரை அமுக்க மாட்டேன். ரெண்டு சுத்துக் குதியில ஒண்ணு நல்லது வரணும்னா ரெண்டு மூணு வீணாப் போகுமுங்க. அது அப்படித்தான்.

ஆரம்பத்துல ஒரு நாள் அவளே வந்து கேட்டா. "அம்மா, மிஸ் சொன்னது மொத்தமாக் குதிக்கறதும்மா." நான் சொன்னேன், "கண்ணு, குதிச்சா மட்டும் போதுமா, நிக்க வேண்டாமா? விழுந்ததுக்கு யாராச்சும் மார்க் போடுவாங்களா?" அதுக்கப்பறம் அவ கேட்டதே இல்லைங்க. புத்திசாலிப் பிள்ளை, சொன்னா புரிஞ்சுக்குவா. சாயங்காலம் மிஸ் கேப்பாங்க, "மேடம், எத்தனை?" நாப்பதும்பேன். ஒன்பது மாசத்துல ஒரு நாள் கூட நாப்பத்தொண்ணு ஆனதில்லைங்க. சாமி மேல சத்தியம்.

அப்பறம் போன வருஷ சீசன் வந்துச்சு. எட்டு வாரத்துல நாலு போட்டி. முதல்ல ஜில்லா, அப்பறம் பள்ளிக்கூடப் போட்டி, அப்பறம் பெங்களூர்ல ஒரு ஓபன் போட்டி, கடைசியில மாநிலம். ஃபிலோமினா மிஸ் ஒரு தாள்ல கட்டம் போட்டு எடுத்துட்டு வந்தாங்க. பள்ளிக்கூடமும் பெங்களூரும் வேண்டாம், அடிச்சிருங்கன்னாங்க. உடம்பை வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் உச்சிக்குக் கொண்டு போக முடியுமாம். ஜில்லாவுக்கு அப்பறம் ரெண்டு வாரம் குதிக்கவே கூடாதாம், சும்மா மெதுவா ஓட்டணுமாம். நான் கேட்டேன், "ஏங்க மிஸ், எங்க கம்பெனியில ஒரு மாசத்துல நாலு ஷிப்மென்ட் போகுது. ஒண்ணு போன களைப்புல அடுத்ததை நிறுத்தினா ஆர்டரு எவன் குடுப்பான்?" அவங்க சிரிச்சாங்க. நான் சிரிப்பாச் சொல்லலைங்க.

காத்துள்ளபோதேதான தூத்திக்கணும்? ஜில்லாவுல தங்கம் வாங்கிட்டு வந்தவளை வீட்ல உக்கார வைக்க எனக்கு மனசு வரலை. பள்ளிக்கூடப் போட்டிக்கு அவங்க ஸ்கூல் பி.டி. சாரைப் பார்த்துப் பேர் குடுத்துட்டேன். அதுலயும் தங்கம். பெங்களூருக்கு மிஸ் வர மாட்டேன்னுட்டாங்க. நானும் அவளும் மட்டும் ரயிலேறிப் போனோம்.

அந்தச் சமயத்துலதான் அவ மாடிப்படியில பக்கவாட்டுல இறங்க ஆரம்பிச்சா. நண்டு மாதிரி. என்ன கண்ணுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மான்னா. கணுக்காலுக்கு மேல, முன் எலும்புல லேசா இருக்குன்னா. வளர்ற வயசுதானுங்க. விளக்கெண்ணெய் தேய்ச்சு விட்டேன், கல்லுப்பை வறுத்து ஒத்தடம் குடுத்தேன். தினமும் குடுத்தேனுங்க. எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, என் காலு ரெண்டும் நரம்பு சுருட்டிக் கிடக்கு, அதோட உக்காந்து அவ காலைப் பிடிச்சு விட்டேன். நான் காலு வலிக்குதுன்னு கம்பெனியில ஒரு நாள் சொல்லியிருப்பனா? எங்க செக்கிங்ல நாப்பது பொம்பளைங்க நிக்கறாங்க. யாருக்குத்தான் வலிக்கலை? வலிக்குதுன்னு சொன்னா வேலை யாரு பார்க்கறது?

அவ கிரேப் பேண்டேஜு சுத்திக்க ஆரம்பிச்சா. நடுவருங்க கண்ணுல பட்டா, ஓ இது அடிபட்ட பிள்ளைன்னு நினைப்பாங்கல்ல? எங்க வீட்டுக்காரர் சாயப்பட்டறையில இருக்காரு. அவர்கிட்டக் குடுத்து, அவ தோல் நிறத்துக்கே அந்தப் பேண்டேஜைச் சாயம் போட்டு வாங்கினேன். மூணு தடவை போட்டுத்தான் சரியான நிறம் வந்துச்சு. அது மேல சாக்ஸை இழுத்து விட்டா யாருக்கும் தெரியாது. மிஸ்ஸுக்கே தெரியலைன்னா பார்த்துக்குங்க. இப்ப அதையும் ஒரு குத்தமாச் சொல்றாங்க.

பெங்களூர்ல அஞ்சாவது இடம். பரவால்ல, பெரிய ஊரு. அப்பறம் மாநிலம்.

நான் அதை மறக்க மாட்டேனுங்க. மூணு நிமிஷப் பாட்டு. ரெண்டு நிமிஷம் வரைக்கும் ஒரு தப்பு இல்லை. ரெண்டு சுத்துக் குதியை ரெண்டாவது தடவை குதிச்சா, வலது கால்ல வந்து நின்னா, அப்படியே உக்காந்துட்டா. விழலைங்க, உக்காந்துட்டா. பாட்டு பாட்டுக்குப் போயிட்டு இருக்கு. காலை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு இருக்கா. எந்திரிச்சு நின்னு கத்தினேன், "எந்திரி கண்ணு, இன்னும் ஒரு நிமிஷம்தான், எந்திரி சாமி!" அவளுக்குத் தைரியம் வரட்டும்னு கத்தினேனுங்க. சுத்தி உக்காந்திருந்தவங்க எல்லாம் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாங்க. பார்த்தா பார்க்கட்டும். எம்பொண்ணு என்னைப் பார்த்தா. எந்திரிச்சா. எந்திரிச்சு, மிச்ச ஒரு நிமிஷத்தையும் ஆடி முடிச்சா. கடைசியில சிரிச்சுட்டே கும்பிடு போட்டா.

காலுல எலும்பு விரிசல் விட்டிருந்துச்சுன்னு மறுநாள் ஸ்கேன்ல தெரிஞ்சுது. அந்த விரிசலோட ஒரு நிமிஷம் ஆடியிருக்கா. எத்தனை பேருக்கு அந்த மனசு வரும், சொல்லுங்க. ஏழாவது இடம். நேஷனல்ஸ் போச்சு.

எலும்பு டாக்டர்கிட்ட நானு, மிஸ்ஸு, அவ, மூணு பேரும் உக்காந்திருக்கோம். டாக்டரு படத்தை வெளிச்சத்துல வெச்சுக் காட்டினாரு. தலைமுடி மாதிரி ஒரு கோடு. ஒரே நாள்ல வந்தது இல்லையாம், கொஞ்சம் கொஞ்சமா அடி வாங்கி அடி வாங்கி விட்டது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை குதிக்கறா?"ன்னு கேட்டாரு. நாப்பதுன்னேன். மிஸ்ஸும் நாப்பதுன்னாங்க. நாப்பதுக்கு இப்படி ஆகாதேன்னு டாக்டரு யோசிக்கறாரு. அப்பத்தான் இவ, தலையைக் குனிஞ்சுட்டு, "நூறுக்கு மேல சார்"ங்கறா.

பயத்துல பிள்ளை உளறுதுன்னு நினைச்சேன். ஃபிலோமினா மிஸ் எம்பக்கம் திரும்பினாங்க. "மேடம், விழுந்ததை எண்ணினீங்களா?"

"விழுந்ததை எதுக்குங்க எண்ணணும்?"ன்னேன்.

அவ்வளவுதான். மிஸ்ஸு முகத்தை மூடிட்டு உக்காந்துட்டாங்க. டாக்டரு பேனாவை மூடி வெச்சாரு. என்னமோ நான் கொலை பண்ணிட்ட மாதிரி. ஏனுங்க, நீங்களே சொல்லுங்க, தெளிவாச் சொல்லியிருக்க வேண்டியது யாரு? விழுந்ததையும் சேர்த்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எண்ண மாட்டனா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதோட, சேர்க்க வந்தப்ப உள்ள தரையைப் பார்த்தீங்கல்ல? நடுவுல ஒரு இடத்துல சிமெண்டு பேந்திருக்கு. அதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. நான் பேசினேன். அதுக்கு மிஸ் என்ன சொன்னாங்க தெரியுமுங்களா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா இருக்கு மேடம்"ங்கறாங்க. எம்பொண்ணுக்கு ஆடத் தெரியாதா? உங்க போட்டோவுல யாரு தொங்கறாங்கன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

ஆறு வாரம் பூட்ஸ் மாட்டி விட்டாங்க, முழங்கால் வரைக்கும். அப்பறம் நாலு மாசம் பிசியோகாரம்மா ரப்பரு கயிறு கட்டி இழுக்க வெச்சாங்க. நேஷனல்ஸ் நடந்த அன்னிக்கு நான் கம்பெனி பாத்ரூம்ல போய் அழுதேனுங்க. வாய் விட்டு அழுதேன். இவ வீட்ல உக்காந்து போன்ல அந்தப் போட்டியைப் பார்த்துட்டு, ஜெயிச்ச பிள்ளைக்குக் கை தட்டறா. அழவே இல்லை. என்ன நெஞ்சோ.

ஏப்ரல்ல மறுபடி ரிங்க்குக்கு வந்தோம். வந்தா இந்தக் கோடு. மஞ்சப் பெயிண்டு காயக் கூட இல்லை. என் செருப்புல ஒட்டிக்கிச்சு.

நான் விடுவேனுங்களா? நேரா இந்த ரிங்க்கை நடத்தற கரஸ்பான்டென்ட் ரூமுக்கே போயிட்டேன். எழுதி எடுத்துட்டுப் போனேன், பெத்தவங்களை வெளிய நிறுத்தறது என்ன நியாயம், பொம்பளைப் பிள்ளைங்களை யாரை நம்பி விட்டுட்டுப் போறதுன்னு. நாலு பேர்கிட்டக் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். அவரு படிச்சாரு. பெரிய மனுஷரு, சத்தம் போடலை. டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து எம்பக்கம் நகர்த்தி வெச்சாரு. "இதையும் படிச்சுருங்கம்மா"ன்னாரு.

நோட்டுத் தாள்ல நாலு வரி. தேதி போட்டிருந்துச்சு. பிரகதி கையெழுத்து. எனக்குத் தெரியாதா அவ எழுத்து? 'ற'வுக்குக் கீழ வால் நீட்டமா இழுப்பா.

எழுதியிருந்தது அப்படியே சொல்றேன், மனசுல பதிஞ்சு போச்சு. "தயவுசெய்து பயிற்சி நேரத்தில் என் அம்மாவை உள்ளே அனுமதிக்க வேண்டாம். அம்மா நல்லவர். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது என்று சொல்ல வராது. எனக்காக மட்டும் என்றால் வருத்தப்படுவார். அதனால் எல்லோருக்கும் என்று சொல்லுங்கள்."

படிச்சீங்கன்னா உங்களுக்கே தெரியும், இது அவளா எழுதினது இல்லைங்க. எழுத வெச்சிருக்காங்க. வீட்ல அவ 'தயவுசெய்து'ன்னு எப்பப் பேசினா? 'அம்மா நல்லவர்'னு எந்தப் பிள்ளையாச்சும் எழுதுமா? மிஸ் சொல்லச் சொல்ல எழுதியிருப்பா. நான் அவகிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. அவளும் நான் படிச்சேன்னு தெரியாம இருக்கா. ஆனா அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கலைங்க. அதை மட்டும் ஒத்துக்கறேன். எனக்கு இறங்கலை.

தாளை மடிச்சு அவரு கையில குடுத்துட்டு, என் மனுவைக் கிழிச்சுட்டு வந்துட்டேன். அன்னையில இருந்து இந்தச் சேர்தான். ஏன் வர்றேன்னு கேக்கறீங்களா? வேற எங்க போறது? சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒன்பது வருஷமா வந்த காலு, தானா வண்டியை இந்தப் பக்கம் திருப்பிருது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மூணு வாரமா மிஸ் மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க. அதே எலும்புல அதே இடத்துல வலின்னு பிரகதி சொல்றாளாம். இந்த மாநிலப் போட்டி வேண்டாமாம், இந்த வருஷத்தை விட்டுரலாமாம். மறுபடி விரிசல் விட்டா கம்பி வெச்சுத் தைக்கணும், அதோட குதிக்கறதே முடிஞ்சுதுன்னு டாக்டரும் சொன்னாராம். சரி, நான் பெத்தவ, நான் கேக்க மாட்டனா? முந்தாநாள் சோறு போடும்போது கேட்டேன், "காலு வலிக்குதா கண்ணு?" இல்லம்மான்னா. நேத்துக் காலையில தலை பின்னும்போது கேட்டேன். இல்லம்மான்னா. மூணு வாரத்துல பத்துத் தடவை கேட்டிருப்பேன், பத்துத் தடவையும் இல்லைன்னுதான் சொன்னா. அப்ப அவ பொய் சொல்றது யார்கிட்டங்க? எங்கிட்டயா, மிஸ்கிட்டயா? வீட்ல வலிக்காத காலு ரிங்க்குக்கு வந்தா மட்டும் வலிக்குமா? நான் செக்கிங்காரிங்க, எனக்குக் கண்ணு பொய் சொல்லாது. வீட்ல அவ நல்லா நடக்கறா.

மிஸ் மறுபடி என்ன சொன்னாங்கன்னா, "முடிவை அவளே எடுக்கட்டும் மேடம். அவ ஃபார்மைக் கொண்டு வந்து குடுத்தா நான் ஏத்தறேன். குடுக்கலைன்னா நீங்க அவளைத் திட்டக் கூடாது." நான் எதுக்குங்க திட்டறேன்? அவளை இது வரைக்கும் அடிச்சதில்லை, திட்டினதில்லை. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும். வாயைத் திறந்து சொல்லட்டும், நானே ஃபார்மைக் கிழிச்சுப் போட்டுடறேன். காலேஜ் சீட்டு போனாப் போகுது. ஒன்பது வருஷம் போனாப் போகுது. எனக்கு எம்பொண்ணை விட அதெல்லாம் பெருசா?

மணி என்னாச்சு? அஞ்சே முக்காலா? சக்கரச் சத்தம் நின்னுருச்சு. சின்னப் பிள்ளைங்க வகுப்பு விட்டாச்சு போல. அதோ உங்க பாப்பா வருது. வா சாமி, வா. ஏன் முழங்காலைக் கையால மூடிட்டு வருது? விழுந்துச்சா? தேய்ச்சு விடுங்க, சரியாப் போயிரும். இல்லைங்க, எச்சில் எல்லாம் தடவ வேண்டாம். அழுகாத கண்ணு. விழாம யாரு கத்துக்கிட்டாங்க?

கொஞ்சம் இருங்க.

பிரகதி வர்றா. அந்தச் சுவரு முடியற இடத்துல பாருங்க. நீலக் கலர் பை. பக்கத்துல மிஸ்ஸு. மிஸ் தோள்ல கையை வெச்சுட்டு வர்றா, பார்த்தீங்களா? ஒரு காலைத் தரையில முழுசா வைக்காம. இதைத்தான் சொன்னேன். அவங்க பக்கத்துல இருந்தா இப்படித்தான் நடப்பா. ஃபார்மு இன்னும் கையிலதான் இருக்கு. குடுக்கலை. குடுக்கலைங்க இன்னும்.

இப்ப என்னைப் பார்த்துட்டா. பாருங்க. தோள்ல இருந்து கையை எடுத்துட்டா. நீங்களே பார்த்துக்குங்க, ரெண்டு காலையும் ஊணி, எவ்வளவு நேரா வர்றா.

"என்ன கண்ணு, ஃபார்மு குடுக்கலையா? மணி ஆகப் போகுதே. ஏன் சாமி முகம் இப்படி இருக்கு? வலிக்குதா? வலிச்சாச் சொல்லிரு. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன். இதோ, இந்த ஆன்ட்டி முன்னாடி சொல்றேன், ஒண்ணும் சொல்ல மாட்டேன். எம் முகத்தைப் பார்த்துச் சொல்லு. வலிக்குதா?"

கேட்டுச்சுங்களா? இல்லம்மாங்கறா.

"அப்பப் போய்க் குடுத்துட்டு வா, ஓடு. மிஸ் அங்கயே நிக்கறாங்க பாரு."

போறா. குடுக்கறா. மிஸ்ஸு வாங்க மாட்டேங்கறாங்க பாருங்க, என்னமோ அவகிட்டக் கேக்கறாங்க. இவ தலையை ஆட்டறா. ஆங், வாங்கிட்டாங்க. வாங்கியாச்சு.

ஏனுங்க, பாப்பாவைத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க? ஒரு நிமிஷம் இருங்க. நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. வலிக்குதான்னு நான் கேட்டனா இல்லையா? வாய் விட்டுக் கேட்டேன். எம் முகத்தைப் பார்த்து இல்லைன்னா. நாளைக்கு ஒண்ணு ஆயிப் போச்சுன்னா, பெத்தவ கேக்கவே இல்லைன்னு யாரும் சொல்லக் கூடாதுங்க.